விதைப்பந்து போட்ட மலை மொட்டை, கரடி போன இடத்தில் கொன்றை

கேள்வி
அணைக்கட்டு மளிகைக்கடை

வணக்கம். காடு, மரம் பற்றியெல்லாம் நான் படித்தவன் இல்லை. அணைக்கட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ஒரு சந்தேகம் மண்டையைக் குடைகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு பழைய கிண்டல் தெரிந்திருக்கும். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், இதுதான் வேலூர் என்பார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். பாலாற்றில் 2021-இல் வெள்ளமே ஓடியது. மலைக்கு மரம்தான் இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் அப்படி ஒரு மலை. கீழே பாறை, மேலே பாறை, இடுக்கில் கொஞ்சம் துரிஞ்சி, காரை, சப்பாத்திக்கள்ளி. அதைப் பச்சையாக்கிவிடலாம் என்று மூன்று வருடமாக ஆடி பிறந்ததும் விதைப்பந்து போடுகிறோம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. வேம்பு, புங்கன், கொன்றை, நெல்லி, நாவல் என்று கையில் கிடைத்த விதையெல்லாம் உள்ளே. கடை வாசலில் தார்ப்பாய் விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என் அம்மாவும் உட்கார்ந்து உருட்டினார்கள். அம்மா எள்ளுருண்டை பிடிக்கிற கை. ஒரே அளவாக வரும். முதல் வருடம் இரண்டாயிரம், போன வருடம் மூவாயிரத்து ஐந்நூறு. வீசினோம், போட்டோ எடுத்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோம், நிறைய கைதட்டல் வந்தது.

தை மாதம் நானும் கடைப் பையனும் ஏறிப் போய் எண்ணினோம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து, முளைத்ததாகக் கண்ணில் பட்டவை பதினொன்று. அவற்றில் சித்திரை வெயிலைத் தாண்டியவை இரண்டு. இரண்டும் புங்கன். (இதை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மாமனாருக்கு ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் கொல்லை இருக்கிறது. மேல் வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு. ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே போனேன். வரப்போரம் ஒரு பாறையை ஒட்டி, காய்ந்து கறுத்துப்போன பழைய எச்சம் ஒன்று. அதிலிருந்து கீரைப் பாத்தி மாதிரி நெருக்கமாக நாற்று கிளம்பியிருந்தது. முப்பதுக்குக் குறையாது. குனிந்து பார்த்தால் எல்லாமே சரக்கொன்றை.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு இது ஒரு அதிசயமாகவே படவில்லை. “கரடி பேண்ட கொன்னை. வருஷா வருஷம் வரும். நீங்க உருண்டை புடிச்சிப் போட்டா வராது, அது பேண்டா வரும்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். எனக்குக் கொஞ்சம் மானம் போன மாதிரிதான் இருந்தது.

என் சந்தேகம் மூன்று. கரடி வயிற்றுக்குள் போய் வந்தால் விதைக்கு அப்படி என்ன ஆகிறது? கரடி மட்டும்தானா, மற்ற மிருகங்களும் இந்த வேலையைச் செய்கின்றனவா? மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்: அந்த எச்சத்தை அள்ளிக்கொண்டு வந்து விதைப்பந்தில் கலந்தால் என்ன?


பதில் 1
காட்பாடி ரயிலடி

விதைப்பந்து என்பதே போட்டோவுக்குச் செய்கிற வேலை அண்ணா. எங்கள் தெருவிலும் செய்தார்கள். பாதியை எறும்பு தின்றது, மீதியை எலி தின்றது. அதற்குப் பதில் பத்து மரக்கன்று வைத்து ஒரு வருடம் தண்ணீர் ஊற்றுங்கள். கரடி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் சொன்னால் நானும் படிக்கிறேன்.


பதில் 2
பழைய வனக்காப்பாளர்

தம்பி, நான் 31 வருடம் காட்டில் நடந்து ஓய்வு பெற்றவன். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். உங்கள் மாமனார் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அவர் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

முதலில் கொன்றைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் நீளம், கைத்தடி மாதிரி உருண்டையாக இருக்கும். மற்ற காய்களைப் போலத் தானாக வெடிக்காது. உள்ளே காசு அடுக்கியது போல அறை அறையாக இருக்கும், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் புளி மாதிரி கறுப்பாக ஒட்டும் சதை. காய் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தால் பூச்சி துளைத்து விதையை அரித்துவிடும். ஆக, அந்த மரம் யாராவது வந்து காயை உடைக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. நம் காட்டில் உடைக்கிறவர்களில் முதல் ஆள் கரடி. குரங்கும் நரியும் பன்றியும்கூட உடைக்கும். ஆனால் மாசி, பங்குனியில் கரடிக்குக் கொன்றைக்காய் கிடைத்தால் அதன் எச்சத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கறுப்புக் களியில் விதையைக் கொட்டிப் பிசைந்தது போல இருக்கும்.

விதையின் தோலும் லேசுப்பட்டதில்லை. அப்படியே மண்ணில் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். நர்சரியில் நாங்கள் அமிலத்தில் போட்டு எடுப்போம், இல்லையென்றால் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஊறவைப்போம். அமிலத்தில் போடுகிற நாளன்று ரேஞ்சர் வந்து நிற்பார், யார் கையிலாவது தெறித்துவிடப் போகிறது என்று. கரடி வயிற்றில் அந்தச் சடங்கு ஒன்றும் இல்லாமல் வேலை நடந்துவிடுகிறது. சதை கழன்று, தோல் கொஞ்சம் இளகி, தாய் மரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, எருவோடு சேர்ந்து விழுகிறது. நீங்கள் அந்த உருண்டைக்குள் சாணம் வைத்தீர்கள், சரி. விதையின் தோலை என்ன செய்தீர்கள்?

இன்னொன்று. வேப்பங்கொட்டை பறித்துச் சில வாரம் ஆனால் முளைக்கும் சக்தி விழுந்துவிடும். நாவல் கொட்டை அதைவிட மோசம், காய்ந்தாலே செத்துவிடும். நீங்கள் வைகாசியில் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, ஆடியில் உருட்டி, மறுபடி உலர்த்தியிருந்தால் பாதி உருண்டைக்குள் இருந்தது பிணம். கோபப்படாதீர்கள். எங்கள் துறையிலேயே இந்தத் தப்பைச் செய்து பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் இரண்டாவது சந்தேகம். கரடி மட்டுமில்லை.

நரி என்றால் கோழி பிடிக்கும், ஆட்டுக்குட்டி தூக்கும் என்றுதான் ஊரில் பேச்சு. இலந்தை பழுக்கிற காலத்தில் நரியின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், இலந்தைக் கொட்டையாக இருக்கும். எலியும் தின்கிறது, பழமும் தின்கிறது. மரநாய் இரவில் நாவல், ஈச்சம், அத்தி என்று தின்றுவிட்டு, பாறை மேலும் மதில் மேலும் கொட்டையை விட்டுவிட்டுப் போகும். குரங்கு அவசரத்தில் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடி, வேறு மரத்தில் உட்கார்ந்து மென்று கொட்டையைத் துப்பும். வௌவால் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கிக்கொண்டு தின்னும். காலையில் அந்த மரத்தடியில் கூட்டி அள்ளலாம். இலுப்பைப் பூவில் மகரந்தம் மாற்றுவதும் வௌவால்தான். அந்த வௌவாலை 1972 சட்டத்தில் எலி, காக்காயோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று எழுதி வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலையே எடுத்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

மான் படுத்து எழுந்த நிழலில் நெல்லிக்கொட்டை குவியலாகக் கிடக்கும். புழுக்கையோடு வந்தது என்று நினைக்கிறேன். ஒடுகத்தூர் காட்டில் அந்த மாதிரி இடங்களில் இளம் நெல்லி நிறைய பார்த்திருக்கிறேன்.

விதையோடு வேலை முடிவதில்லை. கரடிக்கு மேல்வரிசையில் நடுவே இரண்டு முன்பல் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். உறிஞ்சுகிற சத்தம் ராத்திரியில் நல்ல தூரம் கேட்கும், முதல் தடவை கேட்டபோது யாரோ பழைய மோட்டார் பம்பை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். புற்றை அது பறித்துப் போட்ட இடத்தில் மண் இட்லி மாவு போலப் பொலபொலவென்று கிடக்கும், அடுத்த மழையில் முதலில் பச்சை தெரிவது அங்கேதான். எறும்புத்தின்னி செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. முள்ளம்பன்றி கிழங்குக்காகக் குழி தோண்டும். இறுகிக் கிடக்கிற சரிவில் மழைத்தண்ணீர் அந்தக் குழியில் நிற்கும், சருகு விழும், காற்றில் வந்த விதை சிக்கும். நாங்கள் அரசுப் பணத்தில் நீர் உறிஞ்சுக் குழி வெட்டி, அளவெடுத்து, பில் போட்டோம். அது பில் போடாது.

பேரணாம்பட்டில் இருந்தபோதுதான் யானையைப் பார்த்தேன். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவில் கவுண்டின்யா சரணாலயம், 1990-இல் அறிவித்தார்கள். அதற்குச் சில வருடம் முன்புதான், எண்பதுகளின் நடுவில், நெடுங்காலமாக யானையே இல்லாத அந்தக் காட்டுக்கு ஓசூர், கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். அதில் பாதிகூட செரிக்காது. மிச்சம் லத்தியாக வெளியே வருகிறது, அதற்குள் புளியங்கொட்டை, விளாங்கொட்டை எல்லாம் முழுசாக. வேழம் உண்ட விளாங்கனி என்று சொல்வார்களே, வேழம் என்பது யானையில்லை, விளாங்காய்க்கு வரும் ஒரு நோய் என்று சொல்கிற புலவர்களும் உண்டு. இருக்கட்டும். நான் பார்த்த யானை விளாங்காயை ஓட்டோடு நொறுக்கித்தான் தின்றது. லத்தி விழுந்த கொஞ்ச நேரத்தில் சாணிவண்டு வந்துவிடும். உருட்டிக்கொண்டு போய்ப் புதைக்கும். எருவும் விதையும் சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. கோடையில் கானாற்று மணலைக் காலால் கிளறி யானை ஊற்று எடுத்தால், அது போன பிறகு மானும் பன்றியும் அதே குழியில் குடிக்கும்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போனால் பொய்யாகிவிடும். எல்லா விதையும் வயிற்றுக்குள் போய் வந்தால் நன்றாக முளைக்கும் என்பதில்லை. பன்றி பல கொட்டைகளைக் கடித்து நொறுக்கிவிடும். முள்ளம்பன்றி மரப்பட்டையை வட்டமாகக் கடித்து மரத்தையே சாகடிக்கும். உங்கள் மாமனார் கொல்லையில் முப்பது நாற்று ஒரே இடத்தில் வந்திருக்கிறதே, அதில் கடைசியில் ஒன்றோ இரண்டோ நின்றால் பெரிது. நெருக்கத்தில் ஒன்றை ஒன்று அழுத்தும், மீதியை ஆடு கடிக்கும், தப்பியதை மாசித் தீ எரிக்கும். தீ என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று: உங்கள் மொட்டை மலையில் வருடா வருடம் புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கம் இருந்தால் நீங்கள் உருட்டினாலும் சரி, கரடி போட்டாலும் சரி, மரம் வராது.

மூன்றாவது சந்தேகத்துக்குச் சிரிக்கவில்லை தம்பி. ஆனால் வேண்டாம். வனச் சட்டம் 1882-இல் போட்டது, இன்றைக்கும் அதுதான், அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போய் ஒரு சுள்ளி எடுத்தாலும் வழக்கு. அது போகட்டும். எச்சம் புதிதாகக் கிடக்கிறது என்றால் கரடி பக்கத்துப் பாறைப் பொந்தில் படுத்திருக்கிறது என்று அர்த்தம். கரடி பசிக்காக மனிதனை அடிப்பதில்லை, திடுக்கிட்டு அடிக்கும். அடித்தால் முகத்தைத்தான் அடிக்கும். நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

எச்சம் போலவே வேண்டும் என்றால் ஊரிலேயே வழி இருக்கிறது. ஆட்டுப்பட்டிக்குப் போங்கள். வேலங்காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் வரும் வேலம் விதை நன்றாக முளைக்கும். எங்கள் நர்சரிக்கு அந்தக் காலத்தில் விதை வாங்கியதே பட்டிக்காரர்களிடம்தான். படி கணக்கில் அளந்து கொடுப்பார்கள்.


பதில் 3
பேரணாம்பட்டு மாந்தோப்பு

பெரியவர் எழுதியதைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, படிக்க. நான் அந்தக் காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறவன்.

மிருகங்கள் மண்ணைக் கிளறுவது காட்டுக்கு நல்லது என்கிறீர்கள். என் கொல்லையில் காட்டுப்பன்றி மல்லாட்டையை (நிலக்கடலையை) கிளறுகிறதே, அது யாருக்கு நல்லது? விதைத்த மூன்றாம் நாள் வரிசை பிடித்துப் பறித்துத் தின்னும். நமக்குக்கூட வரிசை அவ்வளவு சரியாகத் தெரியாது. காய் பிடித்த பிறகு இன்னொரு தடவை வரும். இராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மறுநாள் கழனியில் யார் வேலை செய்வது?

யானை விதை பரப்புகிறதாம். இரண்டு வருடம் முன்பு மோர்தானா பக்கத்திலிருந்து வந்த கூட்டம் என் பங்கனப்பள்ளித் தோப்பில் ஒரே இராத்திரியில் பதினாறு மரத்தை முறித்தது. ஏழு வருடம் வளர்த்த ஒட்டு மரம். தின்ற மாங்காயின் கொட்டையைக் காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கும், சந்தோஷம். அது மரமாகிக் காய்த்தாலும் பங்கனப்பள்ளி காய்க்காது, நாட்டு மாங்காய்தான் காய்க்கும். என் தோப்பு போனதுதான் மிச்சம். இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் போட்டோ சரியில்லை என்றார்கள், இன்னொன்றில் பட்டா நகல் பழசு என்றார்கள். கடைசியில் வந்த பணம் முறிந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தின கூலிக்குக் காணவில்லை.

நான் மிருகத்தைக் கொல்லச் சொல்லவில்லை. காட்டுக்கு நன்மை, சரி. அந்த நன்மைக்கு விலை கொடுக்கிறவன் காட்டோரம் இருக்கிறவன். விதைப்பந்து போடுகிற டவுன்காரர்கள் அதையும் ஒரு வரி எழுதினால் நன்றாயிருக்கும்.


பதில் 4
ஜமுனாமரத்தூர் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். நான் மலைக்காரி, விலங்கியல் படிக்கிறேன். காப்பாளர் ஐயா எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கரையான் உறிஞ்சுகிற சத்தம் வரும் இடத்தில் தலையாட்டிச் சிரித்தார்.

ஐயா, ஒரே ஒரு திருத்தம். நெல்லிக்கொட்டை மானின் புழுக்கையோடு வருவதில்லை. மான் நெல்லிக்காயை முழுதாக விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் வாய் வழியாகத் துப்பிவிடும். நீங்கள் பார்த்தது அந்தக் குவியல்தான். நெல்லி மரங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அதில் நெல்லி விதையைப் பரப்புவதில் மான்களுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதுவரை அசைபோடும் விலங்கு இந்த வேலை செய்வதை இங்கே அதிகம் யாரும் கவனிக்கவில்லை. கொட்டையை எச்சத்தில் தேடிக்கொண்டிருந்தால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் வீட்டு ஆடுகூடத் துப்பும். காலையில் கொட்டகையைப் பெருக்கும்போது மூலையில் சுத்தமாகக் கழுவின மாதிரி கொட்டை கிடக்கும். பாட்டி அதை ‘ஆடு கக்கினது’ என்றுதான் சொல்வார்.

முள்ளம்பன்றிக் குழி பற்றி ஐயா கண்ணால் பார்த்ததையே இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வருடக்கணக்காக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே இருப்பதும் நம் ஊரில் இருக்கிற அதே இன முள்ளம்பன்றிதான். அது தோண்டின குழிகளில் சுற்றுப்புற மண்ணைவிட ஈரமும் செடிகளும் அதிகம். வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் சாமைக் கொல்லையின் மேல்பக்கத்துச் சரிவுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மிருகங்கள் நல்ல விதையை மட்டும் பொறுக்கிப் பரப்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்ணிச்செடியின் பழத்தைப் பறவைகளோடு கரடியும் தின்னும். சீமைக்கருவேலம் பரவியதில் ஆடு மாட்டுக்கு நிறைய பங்கு, மானுக்கும் பன்றிக்கும் கொஞ்சம். காட்டில் என்ன பழுக்கிறதோ அதைத்தான் அவை சுமக்கும். நாம் உண்ணிச்செடியை விட்டுவைத்தால் கரடி உண்ணிச்செடியைத்தான் நடும்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. எங்கள் பக்கத்தில் நெல்லி, கடுக்காய் எடுக்கிறது பழைய தொழில். பாட்டி காலத்தில் கைக்கு எட்டினதையும் உலுக்கினால் விழுந்ததையும் எடுத்துக்கொண்டு, உச்சிக் கிளையை விட்டுவிடுவார்களாம். ‘அது மானுக்கு’ என்பாராம் பாட்டியின் அம்மா. மான் மரம் ஏறாதே என்று நான் சின்ன வயதில் வாதாடியிருக்கிறேன். தானாகப் பழுத்து விழுவது மானுக்கு என்பதுதான் கணக்கு. இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுகிறார். கிளையோடு வெட்டிச் சாய்த்துப் பறிக்கிறார்கள். மரம் நிற்கிறது, மானும் இருக்கிறது, நடுவில் காய் இல்லை. பெரிய நெல்லி மரங்களுக்குக் கீழே தேடிப் பார்த்தால் முழங்கால் உயரக் கன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

மாந்தோப்பு அண்ணா, உங்கள் கோபம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் சாமையையும் பன்றி விடுவதில்லை. ஆனால் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி) மட்டும் வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததை எங்கள் பக்கத்தில் ஒரு மாடு கடித்து, தாடை கிழிந்து, ஒன்பது நாள் தண்ணீர் குடிக்க முடியாமல் நின்று செத்தது. நரியும் கரடியும் கடித்தாலும் அதேதான்.


பதில் 5
பழைய வனக்காப்பாளர்

அம்மா, நல்லது. 31 வருடம் பார்த்தும் வாய் எது, வால் எது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். திருத்திக்கொண்டேன்.

மாந்தோப்புத் தம்பிக்கு: நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கையில் வாங்கியவன் நான். எத்தனை காகிதம் கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும், கேட்டவர்களில் நானும் ஒருவன். பன்றி விஷயத்தில் ஒரு தகவல். 2025 ஜனவரியில் சட்டசபையில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடுவார்கள். உங்கள் தோப்பு காட்டை ஒட்டி இருப்பதால் உங்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை என்பதும் தெரிகிறது. எழுதி வைத்தால் தூரத்துக் கொல்லைக்காரர்களுக்காவது உதவும்.

யானையைப் பிடித்துக்கொண்டு போவது ஒரு வழி என்று சொல்லுவீர்கள். திருவண்ணாமலைப் பக்கம் திரிந்த கூட்டத்தை 2013-இல் கும்கி வைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய உருவம் லாரியில் ஏறும்போது கண்ணில் தண்ணீர் விட்டதைப் பார்த்த ஊர்க்காரர்களே அழுதார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் நெல் போனவர்களும் இருந்தார்களாம். இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.


கேள்வி கேட்டவர் எழுதியது
அணைக்கட்டு மளிகைக்கடை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகக் கடையில் கூட்டம், இப்போதுதான் முழுக்கப் படித்தேன்.

காப்பாளர் ஐயா, நாவல் விதையை வைகாசிக் கடைசியில் பொறுக்கி, மாடியில் இருபது நாள் காயவைத்துத்தான் உருட்டினோம். அம்மாவிடம் சொன்னேன். “அப்போ மூணு வருஷமா செத்த விதைக்கா எள்ளுருண்டை புடிச்சேன்?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

இந்த வருடம் உருண்டை இல்லை. ஆட்டுப்பட்டி வேலம் விதை கேட்டிருக்கிறேன், படி என்ன விலை என்று பட்டிக்காரருக்கே தெரியவில்லை, கொடுக்கிறதைக் கொடு என்கிறார். கொன்றையை வெந்நீரில் ஊறவைத்து, மழை ஈரம் இருக்கும்போது காரைப் புதருக்குள் கையாலேயே ஊன்றப் போகிறோம். புதருக்குள் என்றால் ஆடு வாய் வைக்காது என்பது கடைப் பையனின் யோசனை. தீ வைக்கிறவர்கள் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் இரண்டு பேர் என் கடையில்தான் பாக்கி வைத்திருக்கிறார்கள். பேசிப் பார்க்கிறேன்.

ஜமுனாமரத்தூர் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் என் கடை வாசலில் காட்டு நெல்லி மூட்டை இருக்கும். நாட்டு நெல்லியைவிடச் சின்னதாக, புளிப்பு அதிகமாக இருக்கும். ஊறுகாய்க்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். எட்டு வருடமாக விற்கிறேன். எந்த மலை, யார் பறித்தது, எப்படிப் பறித்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வியாழக்கிழமை சரக்கு வரும்போது கேட்கிறேன்.

மாந்தோப்பு அண்ணா, நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதிவிட்டேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பதிலை அப்படியே போட்டேன். கைதட்டல் குறைவுதான்.

கரடி நாற்று இப்போது நாலு இருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. மாமனார் சுற்றிலும் இலந்தை முள்ளை வெட்டி வைத்திருக்கிறார். ஒன்றைப் பெயர்த்துக் கடை வாசலில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “கரடி வந்து கணக்கு கேட்டா நான் யாரைக் கை காட்டுறது?” என்கிறார்.